பென்டிரைவைப் பிடுங்கிய அக்கா மேல் பழி போடாதீங்க



முந்தாநாள் நவராத்திரி உபய சங்கல்பத்தில் ஒரு குடும்பத்தின் பெயர் விட்டுப்போனது பலருக்குத் தெரியும். தட்டோடு முன்வரிசையில் நின்றார்கள். குருக்கள் பட்டியலை வாசித்து முடித்தார், இவங்க பெயர் வரவே இல்ல. ரசீது மட்டும் கையில் இருந்தது. நாங்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். நேற்று குருக்கள் அவர்களுக்குத் தனியாகச் சங்கல்பம் செய்து கொடுத்தார்.

தேடிப் பார்த்தால் மொத்தம் 11 குடும்பங்களின் பெயர் இல்லை. உடனே வாட்ஸ்அப் குழுவில், "அந்த அக்காதான் பென்டிரைவைப் பிடுங்குனாங்க"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். அலுவலகத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின். கணக்குப் பார்க்கும் தம்பி, பென்டிரைவில் உள்ள எக்செல் பட்டியலைத் திறந்து அந்த 11 பேரையும் தட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. சேவ் பண்ணாமல் 'ஸ்விட்ச் யூசர்' அழுத்திவிட்டு தீபாராதனைக்கு ஓடினார், அப்படியே வீட்டுக்கும் போயிட்டார். அக்கா தன் லாகினில் வந்து 'எஜெக்ட்' கொடுத்தார். பயன்பாட்டில் இருக்கிறது, எடுக்க முடியாது என்று வந்தது. அவர் பக்கம் எல்லாம் மூடித்தான் இருந்தது. யார் பயன்படுத்துகிறார் என்று அந்தச் செய்தி சொல்லாது. பிரிண்ட் எடுக்கணுமே என்று பிடுங்கிவிட்டார். இரவு கடைசியாகப் பூட்டியவர் எங்களில் ஒருவர். வேறு யாரோ இன்னும் உள்ளே இருக்காங்க, அவங்க வேலை அழியலாம் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. பரவாயில்லைன்னு அணைச்சாச்சு.

அக்கா பிடுங்காமல் இருந்திருந்தாலும் அந்த 11 பெயர் போயிருக்கும். இதை முதலில் புரிஞ்சுக்கணும்.

'ஸ்விட்ச் யூசர்' என்பது கருவறையில் திரை போடுகிற மாதிரி. நமக்குத் தெரியாதே தவிர, உள்ளே அலங்காரம் நடந்துகொண்டுதான் இருக்கும். திறந்த ஃபைல் எல்லாம் திறந்தபடியே இருக்கும், பென்டிரைவும் அங்கே பிடிபட்டிருக்கும். ஸ்கிரீனை லாக் செய்தாலும் அதே கதைதான். 'சைன் அவுட்' செய்தால்தான் எல்லாம் மூடும், அதுவும் சேவ் பண்ணின பிறகு.

"இப்போதைய விண்டோஸில் எஜெக்ட் தேவையே இல்ல"ன்னு இளைஞர்கள் சிலர் சொல்றாங்க. பாதி உண்மை. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத வேண்டியதைத் தேக்கி வைக்காமல் உடனே பென்டிரைவில் எழுதுவதுதான் வழக்க அமைப்பு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் முழு ஃபைலும் கெட்டுப்போகலாம். இன்னொருவர் லாகினில் என்ன ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

ஆகவே எங்கள் கருத்து: எஜெக்ட் மறுத்தால் பிடுங்காதீங்க, யார் உள்ளே இருக்காங்கன்னு விசாரிங்க. டாஸ்க் மேனேஜரில் 'யூசர்ஸ்' பக்கத்தில் பெயர் தெரியும். அவருக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்? பட்டியலைப் பென்டிரைவிலேயே திறந்து வேலை செய்யும் பழக்கத்தையும் விடணும். கம்ப்யூட்டரில் வைத்து முடித்துவிட்டு, நகல் மட்டும் பென்டிரைவில் போகட்டும். உபயப் பட்டியலுக்கு ஒரே பிரதிதான் இருந்தது என்பது எங்கள் நிர்வாகக் குறை, அக்காவின் குறை இல்ல.

மீதி நாட்களுக்கு உபயம் எழுதியவர்கள் தயவுசெய்து ரசீதோடு வந்து பெயர், நட்சத்திரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்றும் நாளையும் மாலை 6 மணி முதல் கவுண்டரில் அதே அக்காதான் இருப்பாங்க.