கூரைமேல் கதிரவன், கூரைக்கீழ் கொதிப்பு!

தனுஷ்கோடி மணலிலே நின்று பார்த்திருக்கிறீர்களா? கூரையில்லை, கதவில்லை, வண்டி வருகிறதென்று அறிவிக்க மணியுமில்லை. இடிந்த சுவர்கள் மட்டும் நின்று, 'இங்கே ஒரு புகைவண்டி நிலையம் இருந்தது' என்று சாட்சி கூறுகின்றன. இலங்கைக்குக் கப்பலேறுவோர் வந்திறங்கிய இடம் அது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து சென்ற வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஊரும் அழிந்தது.

ஒரு நிலையத்தைக் கடலிடம் பறிகொடுத்த அந்தத் தீவிலே, இராமேசுவரம் நிலையத்தைப் புதிதாக எடுத்துக் கட்ட 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார்கள். மகிழ்ச்சி! வாழ்த்தத் தயங்கோம். ஆனால் வாழ்த்து முடிந்ததும் வாய்திறந்து ஒரு கேள்வி கேட்பது மக்களின் உரிமையன்றோ? அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும்? எவ்வளவு கரியைக் கக்கும்?

'கட்டடமா கரி கக்கும்? புகைவிட்ட எஞ்சினைத்தான் வழியனுப்பிவிட்டோமே!' என்பர் சிலர். ஆம், நீராவி எஞ்சின் போயிற்று. அதன் புகையைக் கண்ணால் கண்டோம், கண்டதால் கண்டித்தோம். கட்டடத்தின் புகையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே பொத்தானை அழுத்தினால், எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பெருமூச்சு விடுகிறது. நாட்டின் மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால், சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு வானேறுகிறது.

நாடகக்காரன் நான், ஆகவே காட்சியாகவே காட்டுகிறேன்.

நேரம், நண்பகல். இடம், புதுமெருகு குலையாத ஏதோ ஒரு நிலையம். கூரைமேலே கதிரவனிடம் மின்சாரம் கறக்கும் பலகைகள். முகப்பிலே பளபளக்கும் கண்ணாடிச் சுவர். உள்ளே, கட்டணம் செலுத்தியோர் அமரும் குளிர்கூடம். கண்ணாடி வழியே வெயில் நுழைகிறது. நுழைந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்ப்பொறி உறுமுகிறது. அது தள்ளிய அனற்காற்று, வெளியே தகரக் கூரையின்கீழ் மூட்டை முடிச்சோடு காத்திருக்கும் ஏழைப் பயணியின் முகத்தில் அறைகிறது. அவன் தோள் துண்டை எடுத்து விசிறிக்கொள்கிறான். அவன் தலைக்குமேல் தொங்குகிறது நற்சான்றிதழ்: 'இது பசுமைக் கட்டடம்!'

திரை விழுகிறது. சிரிப்பீர்களா, சினப்பீர்களா?

நியாயம் பேச வேண்டுமல்லவா? இரயில்வே ஏதும் செய்யவில்லை என்று நான் கூறவில்லை. 2018 வாக்கில் நிலையங்களின் பழைய விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். சென்னை சென்ட்ரலின் கூரைமேல் சூரிய மின்பலகைகளைப் பதித்தார்கள். 2030க்குள் நிகரக் கரி உமிழ்வைச் சுழியாக்குவோம் என்று சூளுரைத்தும் இருக்கிறார்கள். நல்லது! ஆனால் ஓட்டையை அடைக்காமல் பானையில் நீர் நிரப்புவது அறிவுடைமையா? முதலில் செலவைக் குறை. பிறகு வருவாயைத் தேடு. இது வீட்டுக்கணக்கு எழுதும் தாய்மார்களுக்குத் தெரிந்த பொருளாதாரம்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பழைய மின்விசிறி 75 வாட் கேட்கும். புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நூறு விசிறிகளை மாற்றி, நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழலவிட்டால், தினமும் 90 யூனிட் மிச்சம். ஓராண்டில் ஏறத்தாழ 23 டன் கரியமிலவாயு குறையும். எவருடைய சுகமும் குறையவில்லை. எவருடைய வியர்வையும் கூடவில்லை. விசிறிக்கே இவ்வளவென்றால், கூரைக்கும் சுவருக்கும் எவ்வளவு!

இந்தக் கலையைக் கற்கக் கடல் கடக்க வேண்டுமா? மீனவர் குடிசையின் பனையோலைக் கூரை, வெயிலை வாசலிலேயே நிறுத்துகிறது. தளத்தின்மேல் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு, வந்த வெப்பத்தை வானுக்கே திருப்பி அனுப்புகிறது. இராமேசுவரம் கோயிலின் நெடும் பிரகாரத்தில் நடந்தவர்கள், அங்கே மின்சாரம் கேளாத குளிர்ச்சியை உணர்ந்திருப்பார்கள். தாழ்வாரம், நிழல், காற்று புக வழி! வேறென்ன மந்திரம்?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலே, 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இருக்கிறது. இந்த மண்ணின் வெயிலை அறுவடை செய்ய அறிந்தவர்கள், அந்த வெயிலிலிருந்து பயணியைக் காக்க அறியாதிருக்கலாமா?

'ஓடும் வண்டிகள் விழுங்கும் மின்சாரத்தின் முன்னே கட்டடச் செலவு கடுகளவு' என்று வாதிடுவோரும் உண்டு. கடுகளவுதான், ஆனால் காலமெல்லாம் தொடரும் கடுகு! விளக்கை மாற்ற ஒரு நாள் போதும். சுவரை மாற்ற ஒரு தலைமுறை ஆகும். இன்று தவறாக எழுப்பிய சுவர், ஐம்பது ஆண்டுகள் மின்கட்டணம் கேட்கும்.

கட்டணத்தைக் கட்டப்போவது யார்? இந்தக் கடற்கரைதான்! மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் வெப்பம் தாளாமல் வெளுத்தன. 1964 புயலுக்குக் கரியே காரணமென்று நான் கூறவில்லை. ஆனால் கரி மிகுந்தால் கடல் சூடேறும். சூடேறிய கடல் புயலுக்குத் தீனியிடும். உயரும் கடல் கரையைத் தின்னும். இது விஞ்ஞானம் விடுக்கும் எச்சரிக்கை. தனுஷ்கோடியைப் புதைத்த நாட்டுக்கு இதை இருமுறை சொல்ல வேண்டுமா?

ஆகவே கேட்கிறோம். பலகைக்கு முன்னே நிழல் தாருங்கள். குளிர்கூடத்துக்கு முன்னே, கூட்டம் நிற்கும் நடைமேடைக்குக் குளிர்ந்த கூரை தாருங்கள். தண்டவாளம் காக்கும் தொழிலாளியின் குடியிருப்புக்கும் அதே கூரை, அதே விசிறி! நிலைய வாயிலில் ஒரு பலகை வையுங்கள். மாதந்தோறும் எத்தனை யூனிட் செலவு, சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா கூடியதா என்று தமிழிலே எழுதுங்கள். பயணச்சீட்டின் விலையைப் பயணி அறிகிறான். அவன் பெயரால் எரியும் கரியின் அளவையும் அறியட்டும்.

சான்றிதழை அதிகாரிகள் மாட்டட்டும், தோழர்களே! மதிப்பெண்ணை, நண்பகலில் நடைமேடையில் நிற்கும் அந்தத் துண்டுக்காரன் போடட்டும்!