மடியில் கனம்... ஆனாலும் வழியில் பயமில்லை!

மே மாதம் பிறந்தால் போதும், தாம்பரம் தாண்டி தெற்கே போகிற சாலை கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடம் லீவு. விழுப்புரத்தில் அத்தை, திருச்சியில் சித்தி, மதுரையில் மாமா, கோவில்பட்டியில் பெரியம்மா, கடைசியில் திருநெல்வேலியில் ஆச்சி. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். ஒரு வீட்டை விட்டாலும் அடுத்த கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். எனவே எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டும்.

நல்ல விஷயம்தான், அதில் சண்டை இல்லை. பெரியப்பா பிள்ளை யார், ஒன்றுவிட்ட அத்தை யார் என்று குழந்தைகளுக்குத் தெரிவதே இந்த மாதிரிப் பயணங்களில்தான். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் கார்களில் ஏதாவது ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். முன் சீட்டில் தாத்தா, அவர் மடியில் ஒன்றரை வயதுப் பேரன். அவன் இரண்டு கையாலும் டாஷ்போர்டில் தாளம் போடுகிறான். பின் சீட்டில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்கு பெரியவர்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே நாலு வயதுப் பெண் நின்றபடியே வருகிறாள். கூரையில் ஜன்னல் வைத்த கார் என்றால் கேட்கவே வேண்டாம், அவள் தலை கூரைக்கு மேலே இருக்கும். டிக்கியில் மாம்பழக் கூடை உருளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

ஆமாம், மாம்பழத்தைக் கட்டியாகிவிட்டது. குழந்தையைத்தான் கட்டவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மடியில் முடிந்து வைத்த காசுக்குச் சொன்ன பழமொழி அது. இங்கே மடியில் இருப்பது காசை விடப் பெரிய கனம். பயம் மட்டும் யாருக்கும் இல்லை.

இதே குடும்பம் குழந்தை விஷயத்தில் அலட்சியமான குடும்பமா என்றால் இல்லவே இல்லை. கிளம்பும் முன் திருஷ்டி சுற்றியாகிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வெந்நீருக்குத் தனி பிளாஸ்க், இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கின்றன. ஓட்டலில் குழந்தைக்கு ஐஸ் வாட்டர் கொடுத்துவிட்டால் ஒரு போரே நடக்கும். இத்தனை கவனமும் காய்ச்சலுக்கும் கண் திருஷ்டிக்கும்தான். வழியில் குழந்தையின் உயிரை எடுக்கக் கூடிய ஒரே பொருள் அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கார். அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

திறந்தால் என்ன நடக்கும்? அந்த வீட்டு மருமகள் ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். "மாமா, புள்ளைக்குத் தனி சீட் ஒண்ணு வாங்கி பின்னாடி மாட்டிரலாமா?" என்று கேட்கட்டும். "என்னம்மா, பச்சப் புள்ளைய கட்டிப் போட்டு கூட்டிட்டுப் போகச் சொல்றியா? அவன் என்ன கன்னுக்குட்டியா?" என்று பதில் வரும். புருஷன் ரியர்வியூ கண்ணாடியைச் சரி செய்கிற மாதிரி பார்வையைத் திருப்பிக் கொள்வான். அதோடு பேச்சு முடிந்தது. அன்பு, மரியாதை என்ற பேரில் ஒரு தாயின் வாயை அடைக்கும் வேலை இது.

சரி, அவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நியாயம்: "மடியில கெட்டியா பிடிச்சிருக்கோம்ல!"

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி நிற்கிறது. முழுதாக நிற்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். 10 கிலோ குழந்தையை அந்த நேரத்துக்குள் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோ எடையைத் தாங்கும் பிடி வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்துக்கும் மேல். எந்தத் தாத்தாவின் கை தாங்கும்? எந்த பயில்வானின் கை தாங்கும்? தூக்கியிருப்பவரும் பெல்ட் போடவில்லை என்றால் கதை இன்னும் மோசம். அவர் உடம்பும் முன்னால் பாயும், நடுவில் மாட்டி நசுங்குவது குழந்தை. முன் சீட்டு என்றால் காற்றுப்பை வேறு இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிற அந்தப் பை, பெல்ட் போட்ட பெரியவரைக் காப்பாற்றச் செய்தது. அதற்கும் தாத்தாவுக்கும் நடுவே பேரன் இருந்தால் அந்த அடி முழுவதும் பேரனுக்குத்தான்.

இரண்டாவது நியாயம்: "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி. 80 என்றால் இருபத்தைந்து மீட்டர், எட்டு மாடி. மூன்றாவது மாடி பால்கனிக் கைப்பிடிச் சுவரில் பேரனை உட்கார வைத்து "நான் பிடிச்சிருக்கேன்" என்று எந்தத் தாத்தாவும் சொல்ல மாட்டார். நாலு வழிச்சாலையில் சொல்கிறார். அதோடு, மெதுவாக ஓட்டுவது இவர் கையில் இருக்கிறது. எதிர்த்திசையில் வரும் பைக்கும், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், சென்டர் மீடியனைத் தாண்டி வரும் மாடும் இவர் கையில் இல்லை.

மூன்றாவது நியாயம்: "பின் சீட்டுல தானே இருக்கோம்?"

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். உட்கார்ந்திருந்தது விலை உயர்ந்த கார், பின் சீட்டு. பெல்ட் போடவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வண்டி ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்.

நான்காவது நியாயம், எல்லாவற்றுக்கும் தாத்தா நியாயம்: "அந்தக் காலத்துல அம்பாசடர்ல பத்து பேர் போனோம், என்ன ஆச்சு?"

இதைச் சொல்வதற்கு உயிரோடு இருப்பவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, அந்த அம்பாசடர் போன சாலையும் அதன் வேகமும் வேறு. அன்று திண்டிவனம் தாண்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். இன்று அந்த நேரத்தில் கார் திருச்சியைத் தொட்டுவிடுகிறது.

ஐந்தாவது நியாயம்: "அதெல்லாம் பணக்காரங்க வாங்குற சாமான்."

நல்ல குழந்தை இருக்கை ஒன்று பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார் என்ன விலை? எட்டு லட்சம் என்றால் இது அதில் ஒண்ணேகால் சதவீதம். அதே காருக்கு சீட் கவர், கூடுதல் ஸ்பீக்கர், அலாய் வீல் என்று செலவழிக்கும்போது வராத வருத்தம், குழந்தைக்கு என்றதும் வருகிறது.

"பெல்ட்தான் இருக்கே, அதையே மாட்டிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். பெரியவர் அளவுக்குச் செய்த பெல்ட் அது. குழந்தைக்குத் தோளில் விழாமல் கழுத்தில் விழும், இடுப்பில் நிற்காமல் வயிற்றில் ஏறும். அதனால்தான் தனி இருக்கை. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். அதற்காகவே அவர்களுக்கான இருக்கை பின்பக்கம் பார்த்தபடி மாட்டப்படுகிறது. மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்துத் தாங்கும். கொஞ்சம் வளர்ந்தால் முன்பக்கம் பார்க்கும் இருக்கை, அப்புறம் பெல்ட் சரியான இடத்தில் விழும்படி உயர்த்தி வைக்கும் இருக்கை. எல்லாம் பின் சீட்டில். புதிய கார்கள் பலவற்றில் பின் சீட்டு மடிப்புக்குள் விரல் விட்டால் ஓர் இரும்புக் கம்பி தட்டுப்படும். குழந்தை இருக்கையைப் பூட்டத்தான் அது. கார் வாங்கி ஐந்து வருஷமாகியும் அது எதற்கென்று தெரியாத வீடுகள் உண்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் பேரனை மடியில் வைத்திருக்கும் தாத்தாவை நிறுத்தி அபராதம் கேட்க எந்தப் போலீஸ்காரருக்கும் மனசு வராது. அவரும் அப்படித்தான் ஊருக்குப் போகிறார்.

உண்மையான நோய் பணமும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆள் கணக்கு. "அவங்களையும் ஒரு ஓரமா ஏத்திக்குவோம், இல்லேன்னா தப்பா நெனைப்பாங்க." ஐந்து பேர் காரில் எட்டுப் பேர் ஏறுவதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். இடம் போதாதபோது முதலில் சீட்டை இழப்பது குழந்தை. அதற்குக் கோபித்துக் கொள்ளத் தெரியாது, அடுத்த கல்யாணத்தில் சொல்லிக் காட்டவும் தெரியாது. இரண்டு பெரியவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துக் கொண்டு வந்து சேர்ந்தால் யார் மானம் கப்பலேறிவிடும்? கேட்டால், குடும்பமாகப் போவதில்தான் சந்தோஷமாம். சந்தோஷம் எல்லோருக்கும். ஆபத்து அதிகம் குழந்தைக்கு.

இதைச் சரி செய்ய சொந்தக்காரர்களையே பயன்படுத்தலாம். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வருகிறது. வெள்ளிக் கொலுசு, பட்டுச்சட்டை, தட்டு தட்டாகப் பழம். அந்தத் தட்டுகளோடு ஒரு குழந்தை இருக்கையும் வரட்டும். மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சம்பந்திக்கும் தைரியம் கிடையாது! தொட்டில் வீடு வீடாகக் கை மாறுவது போல் அதுவும் அக்கா பிள்ளையிலிருந்து தங்கை பிள்ளைக்குப் போகலாம். விபத்தில் சிக்கிய இருக்கையாகவோ, உறையில் போட்டிருக்கும் காலக்கெடு தாண்டியதாகவோ இல்லாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

குழந்தை அழும். முதல் இரண்டு நாள் நிச்சயம் அழும். தடுப்பூசி போட்டபோதும்தான் அழுதது, அதற்காக யாரும் ஊசியை நிறுத்தவில்லை. ஊருக்குக் கிளம்பும் முந்தின வாரமே வீட்டில் அந்த இருக்கையில் உட்கார வைத்துப் பழக்கினால் அழுகையும் குறையும்.

திருநெல்வேலியில் ஆச்சி வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கிறாள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும், இரண்டு பேர் குறைவாக வந்தாலும் அவள் கோபித்துக் கொள்ள மாட்டாள். அவள் கண் முதலில் தேடுவது பேரனைத்தான்.

பி.கு: மாம்பழக் கூடையின் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். அது சரியாகத்தான் கட்டியிருக்கிறது.