காகித டாலரா, காசு டாலரா?

தென்னிந்தியச் சிறு நாணயத்தைக் குறிக்க ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ள ‘கேஷ்’ என்னும் சொல், நம் ‘காசு’ போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்று உருமாறியதாகும். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பிரெஞ்சு வழியாக வந்தது. எனினும், சொல்லைக் கடன்கொடுத்தோர் என்னும் உரிமையில், அமெரிக்கர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு காசு வழக்கைச் சற்றே எடைபோட விழைகிறோம். ஒரு டாலர் தாளை விலக்கி, அவ்விடத்தில் ஒரு டாலர் நாணயத்தை அமர்த்தலாமா என்பதே அவ்வழக்கு.

முயற்சிக்குக் குறைவில்லை. 1979-இல் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆந்தனியின் உருவம் தாங்கிய நாணயம் வெளிவந்தது. அவ்வாண்டில் மட்டும் 75 கோடிக்கு மேல் அடித்துக் குவித்தனர். மக்களோ அதைத் தொட மறுத்தனர். கால் டாலர் நாணயத்தின் குறுக்களவு 24.3 மில்லிமீட்டர், புதியதன் குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். நிறமும் ஒன்று, விளிம்பின் வரிகளும் ஒன்று. கால் டாலர் என்றெண்ணி ஒரு டாலரைக் கொடுத்து ஏமாந்தோர் பலர். இந்நாணயத்தைப் பதினொரு பக்கங்கள் உடையதாகவே முதலில் திட்டமிட்டிருந்தனர். விற்பனை எந்திரங்களுக்கு ஒவ்வாது என்று எதிர்ப்பு எழவே, பதினொரு பக்கங்களும் வட்டத்துக்குள் வெறும் கோடுகளாக ஒடுங்கின. எந்திரத்தின் வசதி நோக்கி மனிதக் கையின் வசதி கைவிடப்பட்டது எனலாம்.

2000-இல் பொன்னிறத்தில் சகாகவியா நாணயம் வந்தது. அவ்வாண்டு 100 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டும் அது கடைத்தெருவில் நிலைக்கவில்லை. 2007 முதல் குடியரசுத் தலைவர்களின் உருவங்கள் வரிசையாக வந்தன. 2011 இறுதியில் புழக்கத்துக்கென அவற்றை அடிப்பதும் நிறுத்தப்பட்டது. அப்போது மத்திய வங்கியின் காப்பறைகளில் ஏறத்தாழ 140 கோடி டாலர் நாணயங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

கனடாவில் மட்டும் எவ்வாறு நிலைத்தது? 1987-இல் நாணயம் வந்தது. 1989-இல் தாள் நிறுத்தப்பட்டது. (மூல அச்சுகள் ஒட்டாவாவிலிருந்து வின்னிப்பெக்கிற்குச் செல்லும் வழியில் காணாமற்போனதால், படகோட்டியர் உருவத்துக்கு மாற்றாக நீர்ப்பறவை உருவம் பொறிக்க நேர்ந்தது தனிக்கதை.) பிரிட்டனிலும் 1983-இல் ஒரு பவுண்டு நாணயம் வந்தது, 1988-இல் தாள் விலகியது. தாளும் நாணயமும் ஒருங்கே கிடைக்குமாயின் மக்கள் கனம் குறைந்ததையே நாடுவர். டாலர் தாளின் எடை ஒரு கிராம். பொன்னிற நாணயம் 8.1 கிராம். இதனை அமெரிக்க அரசு இறுதிவரை ஏற்கவில்லை. இரண்டையும் புழக்கத்தில் விட்டு, நாணயம் வெல்லும் எனக் காத்திருந்தது.

நாணயக் கட்சியாரின் தலையாய வாதம் சிக்கனம். நாணயம் முப்பது ஆண்டுகள் உழைக்கும், தாள் விரைவில் கிழியும் என்பர். அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அமைப்பும் 2011-இல் அவ்வாறே கணக்கிட்டு, முப்பது ஆண்டுகளில் 550 கோடி டாலர் மிச்சமாகும் என்றது. நாமும் ஒரு காலத்தில் இவ்வாதத்தின்பால் சாய்ந்திருந்தோம். ஆனால் அதே அமைப்பு 2019-இல் மீண்டும் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 61 கோடி முதல் 260 கோடி டாலர் வரை இழப்பே நேரும் என்று கண்டது. இடையில் நிகழ்ந்தது என்ன? தாளின் ஆயுள் 3.3 ஆண்டிலிருந்து 7.9 ஆண்டாக உயர்ந்துவிட்டது. முன்னர், சரிபார்க்கும் எந்திரத்துள் முகம் மாறி நுழைந்த தாள்கள் நல்ல நிலையில் இருந்தும் துணுக்குகளாக்கப்பட்டன; புதிய கருவிகள் இருபுறமும் படிக்க வல்லவையானதும் அவை தப்பின. அட்டைகளின் வரவால் தாளின் உழைப்பும் குறைந்தது.

முதற்கணக்கில் காட்டிய மிச்சமும் உண்மையான சிக்கனமன்று என்பது நம் கருத்து. நாணயம் மேசை இழுப்பறையிலும் உண்டியலிலும் உறங்கும் இயல்பினது. ஆகவே ஒரு தாளுக்கு ஈடாக ஒன்றுக்கு மேற்பட்ட நாணயங்களை வெளியிட வேண்டிவரும். அடிக்கும் செலவுக்கும் முகமதிப்புக்கும் இடையிலான வேறுபாடு அரசுக்கு வருவாய். அதாவது மக்களின் உண்டியலில் உறங்கும் பணம் அரசுக்கு வட்டியில்லாக் கடன். மக்களிடமிருந்து எடுத்ததை மிச்சம் என்று எழுதுவது என்ன கணக்கோ!

எனினும் நாணயக் கட்சியாரிடம் ஒரு நியாயம் உண்டு. அதைத் தள்ள இயலாது. அமெரிக்கத் தாள்கள் ஒன்று முதல் நூறு வரை ஒரே அளவின. பார்வையற்றவர் ஒருவர் கடையில் மீதி வாங்கும்போது, கொடுப்பவரின் நேர்மையையே நம்பி நிற்க வேண்டியுள்ளது. நாணயமோ விரலுக்குத் தன்னை அறிவிக்கும். பார்வையற்றோர் அமைப்பு தொடுத்த வழக்கில், இந்நிலை மறுவாழ்வுச் சட்டத்துக்கு மாறானது என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் தாள்களில் தொட்டுணரும் குறிகள் இடத் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு டாலர் தாள் மட்டும் அதில் சேரவில்லை. அதன் வடிவத்தை மாற்ற நிதி செலவிடலாகாது என்று ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் ஒரு தடை இடம்பெற்று வந்துள்ளது. குறியில்லாத் தாளே ஒரு டாலர் என்று அறிந்துகொள்ளலாமே எனச் சிலர் கூறலாம். பழந்தாள்கள் குறியின்றிப் புழங்கும் வரையில் அது பயன்படாது.

ஆதலின், தாளை விலக்க வேண்டுவதில்லை. அத்தடையை விலக்குக என்பதே நம் கருத்து. மிக அதிகமாகக் கைமாறும் சிறு தாளுக்கன்றோ அக்குறி முதலில் வேண்டும்?