ஞாயிறு வகுப்பில் ஒரு கழித்தல் கணக்கு



போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டது இன்னும் எனக்குள் கிடக்கிறது. "நாங்கள் ஏன் கோடிங் வகுப்பு நடத்துறம்? பெரிய கம்பெனிகளுக்கு மலிவா ஆள் பிடிச்சுக் குடுக்கவா?" நான் கோபத்தில் ஏதோ சொன்னேன். அது பதிலே இல்லை. இங்கே திரும்ப முயல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: லண்டனில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் எட்டுப் பத்துப் பெண்கள் பைத்தன் படிக்கிறோம். நான் படிப்பிக்கிறேன் என்று சொல்லக் கூச்சம்; பல கிழமைகளில் ஒரு பாடம்தான் முன்னுக்கு நிற்பேன். என் தமிழை அக்காமார் திருத்துவார்கள், அவர்களின் அடைப்புக்குறிகளை நான் திருத்துவேன்.

அங்கே வரும் அக்கா ஒருவர் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறா. பட்டியல்கள் பற்றிய பாடத்துக்கு நான் கடைச்சாமான் விலைகளை உதாரணமாகக் கொண்டுபோயிருந்தேன். "இதை விடும், என்ர ரோஸ்டரைப் போடலாமோ?" என்று போனை நீட்டினா. 2025 செப்டம்பரில் ஒரு நாள். 12 வீடுகள், வீட்டுக்கு அரை மணி நேரம், மொத்தம் 6 மணி. மணிக்கு 13 பவுண்படி 78 பவுண். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ்ஸிலும் நடையிலும் போனது ஒன்றரை மணி. அதற்குச் சல்லிக்காசு இல்லை.

பைத்தன் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அக்கா 'பயணநேரம்' என்று ஒன்றை உருவாக்கி, வேலை நேரத்தோடு கூட்டி, சம்பளத்தை அதால் வகுத்தா. திரையில் 10.4 என்று வந்தது. அப்போது 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 12.21. வீட்டிலிருந்து முதல் வேலைக்குப் போகும் நேரம் அதில் சேராது. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரம் சேரும். ஒரே நாளில் 13 பவுணுக்கு மேல் குறைச்சல். அறையில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

அந்தத் தோழரின் கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'பெண்களும் கோடிங் செய்யலாம்' என்ற போஸ்டரை நானேதான் ஒட்டினேன். ஏதோ பெண்களுக்குத் திறமை இல்லாததுதான் பிரச்சினை மாதிரி! 1946இல் எனியாக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இங்கே பிரித்தானிய அரச அலுவலகங்களிலும் கணக்கிடும் இயந்திரங்களையும் பிறகு கணினிகளையும் இயக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். 1955இல் அரச சேவைக்குச் சம ஊதியம் ஒத்துக்கொள்ளப்பட்டபோது இயந்திரம் இயக்கும் தரங்கள் வெளியே விடப்பட்டன. சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: அந்த வேலையில் ஆண்களே இல்லை, ஆகவே ஒப்பிட ஆண் சம்பளமும் இல்லை. கணினி அதிகாரத்துக்குரிய பொருள் என்று மேலிடத்துக்கு விளங்கிய பின்னர்தான் ஆண்களைத் தேடிப் பிடித்தார்கள். மார் ஹிக்ஸ் 2017இல் எழுதிய 'புரோகிராம்ட் இனிக்குவாலிட்டி' இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

ஸ்டெஃபனி ஷெர்லியை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1939இல் ஐந்து வயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். 1962இல் மென்பொருள் கம்பெனி தொடங்கி, பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். தன் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்து வைத்தார். கம்பெனி முதலாளியைக் கொண்டாடுவது எனக்கும் கொஞ்சம் நெருடல்தான். ஆனால் வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றியதும் அந்தப் பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர்களின் மூளை முன்னமே அங்கேதான் இருந்தது.

ஆகவே தோழருக்கு என் பதில்: வகுப்பை நிறுத்த மாட்டோம். எங்கள் அக்காமாருக்கு நல்ல சம்பள வேலை வேண்டும், அதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. மாஸ்டர்ஸ் படிக்கிற நான் அவர்களிடம் "அது முதலாளித்துவம்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இனிக் கடைசி அரை மணி நேரம் சம்பளச் சீட்டும் வேலை ஒப்பந்தமும் வாசிப்போம். தொழில்நுட்ப வேலைக்குப் போகிறவர்களுக்கு 2020இல் சி.டபிள்யூ.யூ. சங்கத்துக்குள் தொடங்கிய தொழில்நுட்பத் தொழிலாளர் கிளை இருக்கிறது என்று முதல் நாளே சொல்லுவோம்.

போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டா, "அக்கா, இதெல்லாம் இப்ப ஏஐ எழுதும்தானே?" எழுதும். பயண நேரத்தையும் கூட்டு என்று அதுக்கு யார் சொல்லுறது?

பராமரிப்பு வேலை செய்யும் இன்னும் நாலு பேர் தங்கள் ரோஸ்டர்களை அந்த அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குச் சின்னப் பிள்ளைகள், அதனால் வகுப்புக்கு வர ஏலாது. ஞாயிறு 3 மணியிலிருந்து 5 மணிவரை பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்க்க இரண்டு தோழர்கள் வேண்டும். ஆண்களாக இருந்தால் இன்னும் நல்லம். கோடிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.