சம்பளம் வரலையா? முதலாளியைக் கேளுங்கய்யா!

போர்ட்ஸ்மவுத் கதையை எடுத்தாலே ஆபீஸ்ல நம்ம பசங்க ஒரே பாட்டுதான் பாடுறாங்க. "கோடிக்கணக்குல வாங்குற ப்ளேயருக்குச் சம்பளம் லேட்டானா என்ன குடி முழுகிப் போச்சு?"

முழுகித்தாங்க போச்சு! 2008-ல எஃப்.ஏ. கோப்பை ஜெயிச்ச க்ளப் அது. வரவுக்கு மீறி சம்பளம் பேசினது நிர்வாகம். 2009-10 சீசன்ல மட்டும் நாலு முதலாளி மாறினாங்க. சம்பளம் திரும்பத் திரும்ப தள்ளிப் போச்சு. 2010 பிப்ரவரியில திவால் நிர்வாகி கைக்குப் போச்சு. ப்ரீமியர் லீக்ல அப்படிப் போன முதல் க்ளப் இதான். 9 புள்ளி வெட்டு. 85 ஊழியர்களுக்கு வேலை காலி.

பெரிய கூத்தே இனிமேதான். லீக் விதிப்படி ப்ளேயர் பாக்கியை முழுசா கொடுத்தாகணும். உள்ளூர் கடைக்காரர்? மைதானத்துல முதலுதவி பண்ண செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்? பவுண்டுக்கு 20 பென்ஸ்தான்னு முடிவு பண்ணாங்க!

என் முதல் கம்பெனியிலயும் இதே கதைதான். முதல்ல நின்னது ஹவுஸ்கீப்பிங் அக்கா சம்பளம். நாங்க யாரும் வாயத் திறக்கல. அடுத்த மாசம் எங்களுக்கும் நின்னுது. முதலாளி கார் மட்டும் நிக்கவே இல்ல.

சம்பளம் தள்ளிப் போறதுங்கிறது புகை மாதிரி. யார் வீட்டுப் புகைன்னு பார்த்துச் சிரிச்சா, நெருப்பு நம்ம வீட்டுக்கும் வரும். கடைசியில 2013-ல அந்த க்ளப்பை வாங்கிக் காப்பாத்தினது ரசிகர்கள் கூடிச் சேர்த்த காசுதான்.

அதனால மக்கா, ப்ளேயரைத் திட்டினது போதும். கையில காசில்லாம ஆள் எடுத்தவனைக் கேளுங்க!