தூக்குவது வேறு, தாங்குவது வேறு

திருகு ஜாக்கியைப் பற்றித் தேர்வில் கேட்டால் நம்மில் எவரும் தயங்காமல் எழுதுவோம். கைப்பிடி 20 சென்டிமீட்டர், புரியிடைத் தூரம் 5 மில்லிமீட்டர் எனில் திசைவேக விகிதம் சுமார் 251. பயனுறுதிறன் 50 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பாரம் தானே கீழிறங்காது. விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த ஜாக்கி பக்கவாட்டில் சாயுமா என்று எந்த வினாத்தாள் கேட்கிறது?

பள்ளியைப் பாதியில் விட்ட என் தந்தை பட்டறைத் தொழிலாளி. "ஜாக்கி தூக்கத்தான்டா, தாங்க இல்லை" என்பார். சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்ட பின்னும், மூலைக்கு மூலை எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் ஜாக்கியைத் தொடமாட்டார். காரணம் உண்டு. அம்பாசடர் போன்ற காரில் ஒரு பின்சக்கரம் மேலெழுந்தால், டிஃபரன்ஷியல் அதைத் தனியே சுழலவிடும். கியரின் பிடி போய்விடும். கைப்பிரேக்கும் தளர்ந்திருந்தால் வண்டி உருளவேண்டியதுதான்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கியபின் ஸ்பானரை மிதித்தால் வண்டி ஆடும், ஜாக்கி சாயும். ஸ்டெப்னியை வண்டிக்கடியில் படுக்க வைத்தால், ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன்மேல் அமரும். கையோ காலோ அடியில் போகலாகாது.

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! சூத்திரம் அறிந்தவன் வண்டிக்கடியில் நசுங்குவது கல்விக்கு அழகா? ஒரு காரும் ஒரு மெக்கானிக்கும் போதும். இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.