அச்சகத்துக்கு என்ன கிரேடு?

2016 ஜூன் 25, சனிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே மும்பை தாதருக்குப் புல்டோசர் வந்துவிட்டது. ஊர் கண்விழித்தபோது அம்பேத்கர் பவன் இல்லை. அதோடு அச்சகமும் இல்லை. பாபாசாகேப் 'பாரத் பூஷண்' என்று தொடங்கி, பிறகு 'புத்த பூஷண்' ஆன அச்சகம். 'ஜனதா' என்றும், 1956இலிருந்து 'பிரபுத்த பாரத்' என்றும் வந்த பத்திரிகையின் வரலாற்றோடு பிணைந்த பெயர் அது. பகலில் செய்திருக்கலாமே, எதுக்கு இருட்டு? நியாயம் தன் பக்கம் இருக்குன்னு நம்பறவன் இருட்டைத் தேடமாட்டான்.

இடிச்சது யாரு? சாதி இந்துக் கும்பலா, பில்டரா என்று கேட்பீர்கள். அங்கேதான் தொண்டையில் முள் சிக்குகிறது. இடித்தது பாபாசாகேப் தாமே உருவாக்கிய அறக்கட்டளையின் பெயரில். அதற்காக வாதாட முன்னே வந்தவர்களில் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வுபெற்ற நம்மவர்களும் உண்டு. கட்டிடம் பாழடைந்து போச்சு, மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தாச்சு, அந்த இடத்தில் 17 மாடியில் புது பவன் வரப்போகுது என்றார்கள். புத்தகங்களும் ஆவணங்களும் இடிபாட்டில் புதைந்தன என்று பாபாசாகேபின் பேரன்கள் புகார் சொன்னார்கள். ஜூலை 19 அன்று பைகுலாவிலிருந்து சி.எஸ்.டி. நிலையம் வரை பெரும் ஊர்வலம் போனது. உனாவில் சாட்டையடி நடந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த நோட்டீஸைப் பற்றிக் கொஞ்சம் பேசணும். ஏனென்றால் நம்மில் பலர் அறக்கட்டளையைத் திட்டிவிட்டு நோட்டீஸை விட்டுவிட்டோம்.

மும்பையில் பழைய கட்டிடங்களுக்கு இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று பாரம்பரியப் பட்டியல். இந்திய நகரங்களில் முதன்முதலாக 1995இல் பம்பாய்க்குத்தான் இதற்கென்று விதிகள் வந்தன. கட்டிடக் கலைஞர், பொறியாளர், வரலாற்றாளர் என்று ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் கமிட்டி. அது மாநகராட்சி ஆணையருக்குப் பரிந்துரைக்கும். கட்டிடங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கிரேடு பிரிப்பார்கள். முதல் கிரேடு என்றால் ஜன்னல் கம்பியைத் தொடக்கூட அனுமதி வேணும். மூன்றாம் கிரேடு என்றால் கொஞ்சம் தளர்வு. (தரம் பிரிக்கிற வேலையில் இந்த நாட்டை மிஞ்ச ஆளில்லை. கல்லையும் விட்டுவைக்கவில்லை.) 2018இல் ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள விக்டோரியா காலத்து கோதிக் கட்டிடங்களும் ஆர்ட் டெக்கோ வீடுகளும் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் ஏறின.

இன்னொரு பட்டியல் சி-1, சி-2, சி-3. மாநகராட்சிச் சட்டத்தின் 354ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும். சி-3 என்றால் சின்னப் பழுது. சி-2 என்றால் பெரிய பழுது, பார்த்துச் சரிசெய்யலாம். சி-1 என்றால் உடனே காலி பண்ணு, இடி. காலி பண்ண மாட்டேன் என்றால் தண்ணீரை வெட்டுவான், கரண்டை வெட்டுவான். வீட்டுக்காரன் கொண்டுவரும் பொறியாளர் "தாங்காது" என்பார். குடியிருப்போர் பிடித்துவரும் பொறியாளர் "பழுது பார்த்தால் போதும்" என்பார். ஒரே தூண், ஒரே கம்பி, இரண்டு அறிக்கை! யார் சொல்வது சரி என்று தீர்க்க ஒரு தொழில்நுட்பக் கமிட்டி. அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து வாதாட வேண்டியவர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்.

நோட்டீஸ் எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. 2017 ஆகஸ்டில் பெண்டி பஜாரில் ஒரு பழைய கட்டிடம் சரிந்து 33 பேர் செத்தார்கள். 2019 ஜூலையில் டோங்கிரியில் இன்னொன்று. இடிந்துவிழும் கூரைக்குக் கீழே ஏழையைப் படுக்கவைத்து 'பாரம்பரியம்' பேசுவது அயோக்கியத்தனம். நான் கேட்பது வேற. கோதிக் கோபுரத்தில் மழை ஒழுகினால் பழைய பாணிச் சுண்ணாம்புக் கலவையைத் தேடி நிபுணர்கள் அலைகிறார்கள். சாலில் அதே மழை ஒழுகினால் சி-1. அங்கே வயசு ஆக ஆக மதிப்பு ஏறுது. இங்கே வயசு ஆக ஆக அபாயம் ஏறுது. எந்தக் கட்டிடம் எந்தப் பட்டியலுக்குப் போகணும் என்பதை முதலில் தீர்மானிப்பது யார்?

விதிகளில் 'கட்டிடக்கலை' மட்டும் இல்லை. 'வரலாறு', 'பண்பாடு' என்ற சொற்களும் இருக்கின்றன. ஆனால் பார்க்கிற கண் வளைவையும் தூணையும்தான் தேடுகிறது. நம்முடைய வரலாறு வளைவும் தூணும் உள்ள இடத்தில் நடக்கவில்லையே. நம்மை எங்கே குடியமர்த்தினார்களோ அங்கேதான் நடந்தது.

பரேலில் உள்ள பி.ஐ.டி. சாலை எடுத்துக்கொள்ளுங்கள். சால் என்றால் நீள வராந்தாவும், வரிசையாக ஒற்றை அறைகளும், பொதுக் கக்கூசும். 1896இல் பிளேக் வந்த பிறகு வெள்ளைக்காரன் அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டியது. கலையழகு என்று தேடினால் ஒரு மண்ணும் கிடைக்காது. 1912 முதல் 1934 வரை பாபாசாகேப் குடும்பம் இருந்தது அங்கேதான். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி வந்தது அந்த அறைக்கு. 1927இல் மகாடு குளத்து நீரை அள்ளிக் குடித்தபோதும் அவர் முகவரி அதுதான். 2019 டிசம்பரில்தான் முதல்வர் வந்து அதை நினைவிடம் ஆக்குவதாக அறிவித்தார்.

வொர்லியின் பி.டி.டி. சால்கள் 1920களில் எழுந்தவை. 1974 ஜனவரியில் தலித் பேந்தர்களின் கூட்டத்தில் தொடங்கிய மோதல் அந்தச் சால்களுக்குள் புகுந்து பல நாள் எரிந்தது. அதைக் கண்டித்துப் போன ஊர்வலத்தின்மேல் மாடியிலிருந்து போட்ட கல்லில் தோழர் பாகவத் ஜாதவ் உயிர்விட்டார். அந்தச் சால்கள் இப்போது இடிபட்டு, அடுக்குமாடிகளாக மாறிவருகின்றன. 160 சதுர அடி அறைக்குப் பதில் 500 சதுர அடி வீடு. 2025 ஆகஸ்டில் முதல் சாவிகளைக் கொடுத்தார்கள். அந்தச் சாவியை வாங்கின அம்மாவிடம் போய் "ஐயோ, வரலாறு போச்சே" என்று நான் அழமாட்டேன். காலையில் வாளியோடு பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்னவங்களுக்குத்தான் அந்தச் சுவரோட அருமை தெரியும், நாத்தமும் தெரியும். ஆனால் எந்த மாடி, எந்த அறை, யார் பதுங்கினார்கள் என்பதையெல்லாம் இடிக்கும் முன் எழுதி வாங்க ஒரு குமாஸ்தாவை அனுப்பியிருக்கலாமே. அறையை அளக்க ஆள் வரத்தானே செஞ்சான்?

மில்களின் கதை இன்னும் கசப்பு. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்சணும், எச்சில் படும், தீட்டு என்று சொல்லி நெசவுப் பிரிவுக்குள் நம் ஆட்களை விடவில்லை. கூலி அதிகமுள்ள பிரிவு அது. 1928 வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்ட் தோழர்களை நோக்கி அம்பேத்கர் இந்தக் கேள்வியைத்தான் வீசினார். ஃபீனிக்ஸ் மில் இன்றைக்கு மால். புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நெசவுக்கூடத்து வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கு ஒரு பலகை உண்டா?

இந்து மில் நிலத்தில் 2015இல் அம்பேத்கர் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிலை 350 அடி, பீடம் 100 அடி. அடுத்த வருஷம்தான் அச்சகம் தரைமட்டம். இரண்டும் தாதர்தான். 450 அடிக்குச் சிலை வைக்க அரசு தயார். அவர் பத்திரிகை நடத்தின அச்சகத்தைக் காக்க ஒரு கிரேடுகூட இல்லை. சிலை கேள்வி கேட்காது. அச்சகம் கேட்கும். ஈய எழுத்தைக் கோத்து, தப்பு எழுத்தை இடுக்கியால் பிடுங்கிப் போட்டு, பேப்பர் வாங்க மோதிரத்தை அடகு வைத்துச் சிறுபத்திரிகை கொண்டுவந்த நமக்கு அது தெரியாதா என்ன?

நம் பக்கத்திலேயே சில தோழர்கள் "பழமையைக் காப்பது பார்ப்பன, காலனியப் புத்தி, எல்லாம் இடியட்டும்" என்கிறார்கள். கேட்க ஜோரா இருக்கு. ஆனா இடிக்கிறவன் எல்லாத்தையும் இடிக்கிறதில்லையே. கோட்டைப் பகுதியில் ஓடு மாற்றவும் கமிட்டி கூடும். பரேலுக்கும் நாய்காவுக்கும் போகும்போதுதான் புரட்சிக்காரனாகிவிடுகிறான். இன்னும் சிலர், "நம் கட்டிடங்களையும் முதல் கிரேடில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுப்போம்" என்கிறார்கள். கொடுங்க, வேண்டாங்கல. ஆனால் குடியிருப்போரைக் கேட்காமல் கிரேடு கொடுத்தால், கொடுத்தவனே நாளைக்கு அதை எடுப்பான். கமிட்டியில் குடியிருப்போரின் ஆள் உட்காரணும். உறுதிச் சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் பொறியாளர், செலவு மாநகராட்சியுடையது. அந்தக் கட்டிடத்தில் நடந்ததை எழுதி முடிக்காமல் இடிக்கக்கூடாது. இரவில் இடிப்பதைக் குற்றமாக்கணும். அறக்கட்டளையாக இருந்தாலும், நம்மவராக இருந்தாலும் இதே விதிதான்.

மும்பையைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டிலும் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' நடத்தினார். அந்த இடத்தைக் காட்டு என்றால் நம்மில் எத்தனை பேரால் காட்ட முடியும்? ஆணையத்தைக் கேட்பதற்கு முன் நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கணுமே.

அதனால் மாணவத் தோழர்கள் உங்கள் சேரியில், பேட்டையில் உள்ள இராப்பள்ளி, வாசகசாலை, சங்கக் கட்டிடம், விடுதி, அச்சகம் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். கதவு எண், தெரு, யார் கூடினார்கள், எந்த வருஷம், இப்போது யார் கையில், சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களா. வயசானவங்க இருந்தா பக்கத்துல உட்கார்ந்து, அவங்க சொல்றதை அவங்க பேச்சிலேயே எழுதுங்க. போட்டோ மங்கலா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த இதழில் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், பத்தலைன்னா கூட்டிக்கலாம்.